ஜசிந்தா அக்கா மட்டி எடுத்த கடல்

பேர்லின் நொய்கெல்னில் ஒரு கிண்டர்கார்டன் சமையலறையில் ஜசிந்தா அக்கா வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே மீன். மீன் என்றால் தலையும் வாலும் முள்ளும் இல்லாமல், நீளத் துண்டுகளாக வெட்டி, தூள் பூசி, பெட்டியில் உறைந்து வருகிற ஒன்று. அதைத் தட்டில் அடுக்கி அவணுக்குள் தள்ளும்போதெல்லாம், "எந்தக் கடல்ல நீந்தினதெண்டு இதுக்கே தெரியாது" என்று முணுமுணுப்பார். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த கத்தோலிக்கர். வீட்டில் எல்லோருக்கும் கடற்றொழில். பேர்லினுக்கு வந்தபிறகு அவர் கடல் பார்த்தது, கிண்டர்கார்டன் பிள்ளைகளோடு சுற்றுலா போன ஒரு நாள்தான். அதுவும் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதிலேயே போய்விட்டது.

கணவர் கிறிஸ்ரியன் அண்ணை மாரடைப்பில் போனபிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே மகள் யதுசா. மியூனிச்சுக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் படித்தாள், நீர்த் தொழில்நுட்பமோ என்னவோ. அங்கேதான் ஊஜினைச் சந்தித்தாள். கொரியாவின் தென்கரைக்கு அப்பால் ஒரு சின்ன மீன்பிடித் தீவு அவனுடைய ஊர். மியூனிச் நகரசபையில் பதிவுக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் வரவில்லை. கடற்பாசி அறுவடை நேரமாம். ஜசிந்தா அக்கா அதை மறக்கவே இல்லை.

"பாசி வெட்டவேணுமெண்டு மகன்ர கலியாணத்துக்கு வராத மனிசியை நான் எங்கையும் கேள்விப்படேல்லை."

பிறகு அந்தத் தாய்க்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. தகப்பன் ஏற்கெனவே இல்லை. ஒரு வருடம் நின்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று மகனும் மருமகளும் தீவுக்குப் போனார்கள். வருடம் முடிந்தது. வீடியோவில் வந்த யதுசா முழங்கால் உயர இறப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்றாள். "அம்மா, இன்னும் கொஞ்ச நாள்" என்றாள். அந்தக் கொஞ்ச நாளும் முடிந்தது.

நான் ஜசிந்தா அக்காவுக்கு மேல்மாடி. பன்னிரண்டு வயதுவரை யாழ்ப்பாணத்தில் தமிழிலும் மிச்சத்தைப் பேர்லினில் டொச்சிலும், அதாவது ஜெர்மன் மொழியிலும் படித்தவள். ஒருநாள் மாலை கதவைத் தட்டினார்.

"பிள்ளை, வேலையில உர்லாப் எடு. கொரியாவுக்குப் போறம்."

"நானோ? நான் என்னத்துக்கு அக்கா?"

"உனக்கு ரெண்டு பாசையும் வடிவா வரும்."

"அங்க ரெண்டும் உதவாதே. அவை கொரியன் கதைக்கிறவை."

"மருமகன் டொச் கதைப்பான். என்ர டொச் உனக்குத் தெரியும்தானே. கையைக் கழுவு, மேசையில ஏறாதை, இன்னும் வேணுமோ. இதை வச்சுக்கொண்டு நான் சம்பந்தியோட என்ன கதைக்கிறது?"

"யதுசா இருக்கிறாளே."

"அவள் பாதியை முழுங்கிப்போட்டுத்தான் எனக்குச் சொல்லுவாள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சும்மா விடுப்புப் பார்க்கப் போகேல்லை பிள்ளை. கூட்டிக்கொண்டு வரப்போறன். போறதுக்கு ரெண்டு பேர், வாறதுக்கு மூண்டு பேர். டிக்கற் போட்டாச்சு. நாங்கள் வாறது அவளுக்குத் தெரியும், மூண்டாவது டிக்கற் தெரியாது."

பயணம் என்றால் ஒரு கிழமைக்கு முன்பே நான் அடுக்கத் தொடங்கிவிடுவேன். கடவுச்சீட்டுக்கு இரண்டு பிரதி, காப்புறுதிக் கடதாசி, வாந்திக் குளிசை எல்லாம் எடுத்து வைத்தேன். ஜசிந்தா அக்கா பயணப்பெட்டியில் வறுத்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பால் ரின்னும் மட்டும் எடுத்துக்கொண்டார். "உடுப்பு?" என்று கேட்டேன். "மகளின்ரயைப் போடலாம்" என்றார்.

தீவின் பெயரை எழுதவேண்டாம் என்று யதுசா கேட்டிருக்கிறாள். மொக்போ என்ற துறைமுகத்திலிருந்து கப்பலில் போகவேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன். இறங்குதுறையில் சுருள்முடியும் பூப்போட்ட அரைக்கைச் சட்டையுமாக ஒரு சின்ன மனிசி ஊன்றுகோலோடு நின்றார். அதுதான் சம்பந்தி, ஓக்சுன் அம்மா. ஜசிந்தா அக்கா கன்னத்தில் கொஞ்சுவதற்கு முகத்தை நீட்டவும், அவர் குனிந்து வணக்கம் சொல்லவும் ஒரே நேரமாகிவிட்டது. ஒருவரின் நெற்றி மற்றவரின் மூக்கில் போய் மோதியது. இருவரும் மூக்கையும் நெற்றியையும் தடவிக்கொண்டு நிற்க, யதுசா சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டாள். அந்தச் சிரிப்பை ஜசிந்தா அக்கா ஒன்றரை வருடமாகக் கேட்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டே மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொரிய மொழியில் சம்பந்திக்கென்று தனிச்சொல் இருக்கிறது என்று ஊஜின் டொச்சில் சொன்னான். சாடொன். நான் தமிழில் சொன்னேன்.

"பாத்தியே, டொச்சில இப்பிடி ஒண்டு இல்லை," என்றார் ஜசிந்தா அக்கா. வந்த இடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

தீவில் ஐம்பது வீடுகள் இருக்குமோ என்னவோ. வீதியோரக் கம்பங்களில் ஒலிபெருக்கி. விடிந்ததும் ஊர்த்தலைவர் அதில் பேசுவார். கப்பல் பிந்தும், இன்னாருடைய நாய் அவிழ்ந்துவிட்டது, இன்றைக்கு டொக்டர் வருகிறார். முதல்நாள் விடிய அந்தச் சத்தத்துக்கு எழும்பிய ஜசிந்தா அக்கா, "பூசைக்குக் கூப்பிடுகினமோ?" என்று தலைக்குச் சீலை தேடினார்.

காலைச் சாப்பாட்டுக்கு கிம்ச்சி வந்தது. "விடியவெள்ளென ஊறுகாயோ?" என்று என் காதில் கேட்டார். ஆனால் பொரித்த மீனின் தலையை ஓக்சுன் அம்மா எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தபோது அதன் கண்ணிலிருந்தே சாப்பிடத் தொடங்கினார். தலை யாருக்கு என்று தெரிந்த வீடு அது.

பகலில் பெண்கள் எல்லோரும் ஊர் மண்டபத்தில் அடியில் சூடாக்குகிற தரையில் கால்நீட்டி இருந்து நெத்தலி தெரிவார்கள். அவித்துக் காயவைத்த நெத்தலியைப் பெரிது, நடுத்தரம், சின்னது என்று பிரிக்கவேண்டும். ஜசிந்தா அக்கா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு காப்பை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் அவருடைய பின்னலைத் தூக்கிப் பார்த்தார்கள். பல் இல்லாத ஒருத்தி ஏதோ சொல்ல மண்டபமே சிரித்தது.

"என்ன சொல்லுறா?"

"இவ்வளவு பெரிய கண் இருந்தா எந்த நெத்தலி தப்பும் எண்டு கேக்கிறா அம்மா," என்றாள் யதுசா.

"தன்ர வாயைவிட என்ர கண் சின்னன்தான் எண்டு சொல்லு."

யதுசா சொன்னாள். முழுங்காமல் சொன்னாள் போலிருக்கிறது, பல்லில்லாத மனிசி ஜசிந்தா அக்காவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

இதெல்லாம் சரி. ஆனால் ஜசிந்தா அக்காவின் கண் நெத்தலியில் இருந்ததைவிட மகளின் கையில்தான் அதிகம் இருந்தது. உப்பில் வெடித்த விரல்கள். குந்தியிருந்து உள்ளி உரிக்கிற விதம். "மாஸ்டர் படிச்ச கையைப் பாத்தியே" என்பார். எப்போது கேட்பது என்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் கேட்கிறேன் என்பார், பிறகு பின்னேரம் என்பார். பின்னேரம் யதுசா களைத்துப்போய் அவருடைய மடியில் தலைவைத்துப் படுத்துவிடுவாள். "இப்ப எப்பிடிக் கேக்கிறது?" என்று என்னைப் பார்ப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது ஊஜின் விசயத்தைச் சொன்னான். அந்தக் கரை, சேறு, அதில் விளைகிற மட்டிச் சிப்பி எல்லாம் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தம். ஒரு வீட்டுக்கு ஓர் இடம். தன்னுடைய முழங்கால் இனிச் சேற்றுக்கு உதவாது என்று ஓக்சுன் அம்மா தன் இடத்தை யதுசாவுக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஒருத்திக்கு இடம் கொடுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கைதூக்கி முடிவு எடுப்பார்கள்.

"இடம் குடுத்தா?" என்று ஜசிந்தா அக்கா கேட்டார்.

நான் டொச்சில் கேட்டேன். ஊஜின் யதுசாவைப் பார்த்தான். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு தானே பதில் சொன்னாள். "குடுத்தா நாங்க இங்கதான் அம்மா. குடுக்காட்டி இங்க இருந்து என்ன செய்யிறது? பேர்லினுக்கு வந்திடுவம்."

ஜசிந்தா அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கரண்டியால் சாப்பிடுகிற வீடு என்பதை மறந்துபோனார்.

வியாழக்கிழமை பின்னேரம் யதுசாவும் ஊஜினும் நெத்தலிப் பெட்டிகளோடு மொக்போவுக்குப் போயிருந்தார்கள், இரவுதான் வருவார்கள். ஓக்சுன் அம்மா மண்டபத்தில். நாங்கள் இருவரும் அணைக்கட்டில் நடந்தோம். அவ்வளவு பெரிய வத்து நான் பார்த்ததே இல்லை. கடல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சாம்பல் நிறச் சேறு வெயிலில் மினுங்கியது. அணைக்கட்டின் கீழே கொஞ்சத் தூரத்தில் நாலு பக்கமும் தடி நட்டு, தடிகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"அது என்ன அக்கா?"

"களங்கண்ணி வலைக்கு நட்ட தடியாயிருக்கும். எங்கட பக்கமும் உப்பிடித்தான் நடுவினம்." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகினார். அணைக்கட்டில் கவிழ்த்திருந்த ஒரு வாளியை எடுத்தார்.

"கடல் திரும்பி வந்தா?"

"வந்தா ஓடிவாறன். நீ அதிலை நிண்டு பயப்படு."

நான் நின்று பயப்பட்டேன். அவர் தடிகளுக்கு நடுவே போய் நின்றார். குனியவில்லை. குதிக்காலை ஊன்றி, பெருவிரலால் சேற்றைத் தடவி, சும்மா ஆடுகிறவர்போல அசைந்தார். திடீரென்று குனிந்து ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வாளியில் மட்டி விழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "பிள்ளை, கல்லுப்போல அடுக்கியிருக்கு! இந்தச் சனத்துக்குத் தெரியேல்லையே!" என்று கத்தினார். முழங்கால்வரை சேறும் முகமெல்லாம் சிரிப்புமாக நின்றவரை, கிண்டர்கார்டன் சமையலறையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு மட்டிக்கறி வைத்தார். வீடு முழுக்க மணத்தது. ஓக்சுன் அம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். சட்டியைப் பார்த்தார். தொட்டிக்குள் குவிந்திருந்த மட்டிக் கோதுகளைப் பார்த்தார். சேறு காயாத வாளியைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு மட்டி, இரண்டு மட்டி என்று நிதானமாகச் சாப்பிட்டார். உறைப்பில் மூக்கால் வடிந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டி இன்னும் கேட்டு வாங்கினார். முடிந்ததும் சட்டியைத் தானே கழுவி, கோதுகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார்.

"குப்பையையும் தானே கொண்டுபோறா, நல்ல மனிசிதான்," என்றார் ஜசிந்தா அக்கா. கலியாணத்துக்கு வராத குற்றம் அன்றோடு மன்னிக்கப்பட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் விடிய ஒலிபெருக்கியில் நாயும் இல்லை, கப்பலும் இல்லை. தலைவரின் குரல் வறண்டிருந்தது. யதுசாவின் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சி அப்படியே நின்றது.

"என்னவாம்?"

"மூடின இடத்தில ஆரோ மட்டி எடுத்திருக்கினமாம் அம்மா. குஞ்சு விட்டு மூண்டு வருசமா ஒருத்தரும் கால்வைக்காமல் வளர்த்தது. வாற செவ்வாய்தான் எல்லாருக்கும் ஒண்டாத் திறக்க இருந்தவை."

"சிவப்புத் துணி கட்டின இடமோ?"

"ஓம். ஏன்?"

ஜசிந்தா அக்காவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ அம்மா" என்றாள், அவ்வளவுதான். ஊஜின் டொச்சில் ஏதோ தொடங்கி நிறுத்தினான். நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓக்சுன் அம்மா எழும்பினார். சப்பாத்தைப் போட்டார், ஊன்றுகோலை எடுத்தார், ஊஜின் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் மண்டபத்துக்குப் போனார். திரும்பி வந்து ஒரு வசனம் சொன்னார். யதுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னாள்.

"தான்தான் எடுத்தனெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டா."

சங்கத்தின் விதி இது. மூடின இடத்தில் எடுத்த வீடு அடுத்த திறப்பில் சேற்றில் இறங்கக்கூடாது. எல்லோரும் மட்டி அள்ளும்போது அணைக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஓக்சுன் அம்மா பழைய ஆள், அவருக்கு அதோடு முடியும். ஆனால் வெளியாள் ஒருவரால் வந்த வினை என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வெளியாளுக்கு யார் கைதூக்குவார்கள்? ஊஜின் இதைச் சொல்லி முடிக்கும்வரை நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் இறக்கினேன்.

"அம்மா, நீங்க ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் யதுசா. "பிற்ற, அம்மா. ஒண்டும் செய்யாதேங்கோ," என்று டொச்சும் தமிழுமாகக் கெஞ்சினாள்.

ஜசிந்தா அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். புதிதாகக் கிளறிய மண் ஒரு பக்கம் தெரிந்தது. கோதுகளைப் புதைத்த இடம்.

"பிள்ளை, நான் போய் உண்மையைச் சொன்னா என்ன நடக்கும்?"

"யதுசாவுக்கு இடம் குடுக்கமாட்டினம்."

"குடுக்காட்டி என்னோட வருவாள்."

மண்ணுக்கு வெளியே தெரிந்த ஒரு கோதை நான் உள்ளே தள்ளினேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போறமாதிரிப் போய்ச் சொல்லிப்போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம். ஒருத்தரும் என்னிலை குறை பிடிக்கேலாது. அவளும் பிடிக்கேலாது." மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினார். "அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனோம். நெத்தலிக் குவியலைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஓக்சுன் அம்மா மூலையில் தனியாக ஒரு சின்னக் குவியலோடு இருந்தார். ஒருவரும் அவரை ஏசவில்லை. பேசவும் இல்லை. பல்லில்லாத மனிசி கூட அன்று பகிடி விடவில்லை. ஜசிந்தா அக்கா நடுவில் தனக்கு விட்டிருந்த இடத்துக்குப் போகாமல் மூலைக்குப் போய் இருந்தார். மூலையில் இரண்டு பேரும் பின்னேரம்வரை நெத்தலி தெரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கோவிலும் இல்லை, பூசையும் இல்லை. ஜசிந்தா அக்கா செபமாலையைச் சொல்லி முடித்துவிட்டு எழும்பினார். "வா, கூட்டத்துக்குப் போவம்" என்றார். "என்ன சொல்லப்போறியள் அக்கா?" என்று வழி முழுக்கக் கேட்டேன். "வாயிலை வாறதை" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் மெலிந்த மனிதர், தொப்பியைக் கழற்றாதவர். ஜசிந்தா அக்கா நேரே போய் அவர் முன்னால் நின்றார். யதுசா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீ இரு. உன்னை நம்பேலாது, முழுங்கிப்போடுவாய்," என்று அவளை இருத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் தமிழில் சொல்ல, நான் டொச்சில் சொல்ல, ஊஜின் கொரிய மொழியில் சொல்லவேண்டும்.

"மட்டி எடுத்தது நான். சம்பந்தி இல்லை. அவ எனக்காகப் பொய் சொன்னவ."

சொன்னேன். ஊஜினின் குரல் போய்ச் சேர்ந்தது. சலசலப்பு எழும்பியது. ஓக்சுன் அம்மா கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னுமொண்டு. நான் இங்க வந்தது என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு. நீங்கள் இடம் குடுக்காட்டி எனக்குத்தான் சந்தோசம். ஆனா குடுங்கோ."

"அக்கா, இதையும் சொல்லவோ?"

"ஓம், சொல்லு. நான் மனம் மாறமுந்திக் கெதியாச் சொல்லு."

சொன்னேன். ஊஜின் தொடங்குவதற்கு நேரம் எடுத்தான். யதுசா மட்டும் அவன் தொடங்குமுன்னரே அம்மாவின் வாயாலேயே கேட்டிருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தாள். முதுகு குலுங்கியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் சொன்னது எங்களுக்கு எதிர்த்திசையில் வந்து சேர்ந்தது.

"வியாழன் பின்னேரமே தெரியும். இந்தத் தீவில் யாரும் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்குவதில்லை. அங்கே ஐந்து விரலும் பதிந்த காலடி கிடந்தது. ஓக்சுன் வந்து தான் என்றபோது அவருடைய சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்."

"தெரிஞ்சுகொண்டோ மூலையில இருத்தினவை?" என்றார் ஜசிந்தா அக்கா.

"பொய் சொன்னதுக்கு" என்று பதில் வந்தது. "விதி விதிதான். அந்த வீடு செவ்வாய்க்கிழமை இறங்காது. யார் எடுத்தாலும் வீடு ஒன்றுதான்."

பல்லில்லாத மனிசி இடையில் புகுந்து ஏதோ கேட்டார். அங்கே கொத்தின தடமே இல்லையாம், வெறுங்காலால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார் என்றான் ஊஜின். ஜசிந்தா அக்கா செருப்பைக் கழற்றி மண்டபத்துத் தரையில் குதிக்காலை ஊன்றி ஆடிக் காட்டினார். சிரிப்பு வெடித்தது. தலைவர் மேசையில் தட்டவேண்டியிருந்தது.

பிறகு யதுசாவை எழும்பச் சொன்னார். ஒரு கேள்வி கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு அந்த ஊர்க் குரலில் நீளமாகப் பதில் சொன்னாள். கைகள் ஒன்று, இரண்டு என்று எழும்பின. பிறகு எண்ணத் தேவையில்லாத அளவுக்கு எழும்பின. ஓக்சுன் அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

"என்ன சொன்னவள்?" என்று ஜசிந்தா அக்கா கேட்டார்.

ஊஜின் டொச்சில் சொன்னதை நான் சொன்னேன். "இந்தமுறை எங்கட வீட்டோட அணைக்கட்டில இருப்பன், அடுத்தமுறை எங்கட வீட்டுக்காக இறங்குவன் எண்டு சொன்னவளாம்."

அவர் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார். பிறகு வெளியே போய், ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். நான் கிட்டப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை கடல் நன்றாக வத்தியது. சிவப்புத் துணிகளை அவிழ்த்தார்கள். தலைவர் விசில் ஊத, ஊரே கொத்தும் கூடையுமாகச் சேற்றில் இறங்கியது. நாங்கள் அணைக்கட்டில் வரிசையாக இருந்தோம். ஊஜின் படகோடு போயிருந்தான். ஓக்சுன் அம்மா ஜசிந்தா அக்காவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த தன் விரல்களைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

யதுசா அதைப் பார்க்கவில்லை. அவள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒருத்தி பெரிய மட்டியைத் தூக்கிக் காட்டியபோது இவளுடைய உடம்பு தானாக முன்னே சாய்ந்தது. கைவிரல்கள் முழங்காலில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தன. ஜசிந்தா அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"போகவேணும்போல கிடக்கோ?"

"ஓம் அம்மா."

"சரி, அடுத்தமுறை போகலாம்தானே."

கேட்கவென்று ஐயாயிரம் மைல் கொண்டுவந்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. மகளின் தலையில் காற்றுக்குப் பறந்த முடியை ஒதுக்கிவிட்டு, "தொப்பி போடு, வெயில்" என்றார்.

வியாழன் கப்பலில் நாங்கள் இரண்டு பேர்தான் ஏறினோம். மூன்றாவது டிக்கற்றைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. யதுசா கரையில் நின்று கை காட்டினாள், பக்கத்தில் ஓக்சுன் அம்மா. கப்பல் திரும்பும்வரை ஜசிந்தா அக்கா அசையவில்லை. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, "அந்த மனிசிக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது. தூளைக் குறைச்சுப் போடச் சொல்ல மறந்திட்டன்," என்று அழுதார். மொக்போ வரும்வரை அழுதார். என்னிடம் இருந்த வாந்திக் குளிசைகளால் ஒரு பயனும் இல்லை.

இப்போது குளிர்காலம். ஞாயிறு காலைகளில் அவர் தமிழ்ப் பூசைக்குப் போகிறபோது, தமிழ்க் கடைக்குப் போகிற நானும் சொன்னென்அல்லே வீதியில் பஸ் தரிப்பிடம்வரை சேர்ந்து நடப்பேன். யதுசா அவருடைய தொலைபேசியில் வத்து, பெருக்கு நேரம் காட்டுகிற ஒன்றை இறக்கிக் கொடுத்திருக்கிறாள். தீவின் கடல் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று அது சொல்லும். காலநிலை பார்க்கிற சனம் மாதிரி அவர் அதைப் பார்ப்பார்.

போன ஞாயிறும் பார்த்தார். மழைத் தூறலில் பஸ் பிந்தியது.

"இப்ப யதுசாவுக்குப் போன் எடுத்துப் பாருங்கோவன் அக்கா."

"எடுக்கமாட்டாள். இண்டைக்கு அங்க நல்ல வத்து. பொழுதுபட்டாலும் தலையில லைற்றைக் கட்டிக்கொண்டு எல்லாரும் இறங்கியிருப்பினம்." திரையை விரலால் துடைத்தார். "பெருகத் தொடங்கத்தான் வீட்டை வருவாள். வந்து கையைக் கழுவிப்போட்டு எடுப்பாள்."

"எப்ப பெருகும்?"

"பிரசங்க நேரம்."

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் தொலைபேசியின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, கைப்பைக்குள் மேலாக வைத்தார்.

"பூசைக்குள்ளை அடிச்சா பாதர் ஏசப்போறார் அக்கா."

"ஏசட்டும்."